துள்ளிசைக்கு எந்த ஊர்? யாழ்ப்பாணப் பொப் பாடலின் மூலம் பற்றிய விவாதங்கள்

ஈழத்துத் தமிழ்ப் பொப் பாடல், அல்லது பலர் சொல்லிவந்தபடி துள்ளிசை, எங்கிருந்து வந்தது? சிங்களப் பைலாவின் தமிழ்ப் பதிப்பா, மேலைநாட்டு இசைத்தட்டுகளின் எதிரொலியா, கும்மியும் கூத்தும் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறியதா? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப்பட்டுவருகிறது. பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பல பதில்களில் இசையைப் பற்றிய முடிவை விடச் சொன்னவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதே தெளிவாகத் தெரிகிறது.

இந்தக் கட்டுரை முக்கிய நிலைப்பாடுகளை வரிசையாகப் பார்க்கிறது. பார்க்கும் இடம் தெல்லிப்பழை. பொப் பாடகர் எவரும் அங்கே பிறந்தார் என்பதற்காக அல்ல. இந்த விவாதத்தில் வந்துபோகும் எல்லா இசைகளும் அந்த ஊரையும் அதன் அயலையும் தொட்டிருக்கின்றன. அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் முதலில் காலூன்றிய இடங்களில் ஒன்று தெல்லிப்பழை. 1816இல் டானியல் பூவர் அங்கே பள்ளி தொடங்கினார். மேற்கே அளவெட்டி, தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊர். வடக்கே காங்கேசன்துறை, இசை நாடகத்தின் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ஊர். தெல்லிப்பழையின் அம்பனையில் பாவலர் துரையப்பாபிள்ளை 1910இல் நிறுவிய மகாஜனாக் கல்லூரி. மேலைநாட்டுப் பாட்டு, கோயில் மேளம், நாடக மெட்டு, சீர்திருத்தக் கும்மி எல்லாம் ஒரு சைக்கிள் ஓடும் தூரத்துக்குள் அடங்கிய நிலப்பரப்பு இது.

விவாதப் பொருள்

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அறுபதுகளில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த காலத்தில் ‘சின்ன மாமியே’ உருவானது. மகளைப் பற்றி மாமியிடம் விசாரிக்கும் இளைஞனும் அவனுக்குப் பதில் சொல்லும் மாமியுமாக அமைந்த பாட்டு அது. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’யும் அவருடையதே. தமிழ்ப் பொப் இசையின் தந்தை என்று இன்று அவரையே சொல்கிறார்கள். திருகோணமலையின் எம். பி. பரமேஷ் அதே காலத்தவர். ஈழத்தின் முதல் தமிழ் இசைத்தட்டு அவருடையது என்ற உரிமைகோரல் உண்டு. ஏ. ஈ. மனோகரன் எழுபதுகளில் ‘சுராங்கனி’யைப் பாடி அதைக் கடல்கடந்து கொண்டுபோனார். 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அந்த மெட்டை எடுத்தாண்டபோது, தமிழ்நாட்டில் அதை ஈழத்துப் பாட்டு என்று அறியாமலேயே பாடியவர்கள் ஏராளம். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இந்தப் பாடல்களுக்குப் பொதுவான அடையாளங்கள் சில உண்டு. பேச்சுத் தமிழ், கேலி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடிக்கும் கூட்டுக்குரல், கிற்றாரும் கொங்கோ மேளமும், உட்கார்ந்து கேட்கவிடாத தாளம். ராக விரிவு கிடையாது. குரலின் பெருமையை விடத் தாளத்தின் பிடி முக்கியம். விவாதம் முழுக்க இந்தக் கடைசிப் பண்பைச் சுற்றியே நடந்திருக்கிறது.

பைலாவின் வழி

மிகப் பரவலான பதில் பைலா. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்டனர். அவர்களோடு வந்த ஆட்டப் பாட்டும், அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் இசையும் சேர்ந்து கபரிஞ்ஞா என்ற வடிவம் எடுத்தன. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் திருமணங்களில் அது நெடுங்காலம் நீடித்தது. 1940களில் காவல்துறையில் பணிபுரிந்த வோலி பஸ்தியன் சிங்களச் சொற்களோடு அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். பின்னர் வானொலியும் இசைக்குழுக்களும் அதை நாடெங்கும் பரப்பின. கென்னத் டேவிட் ஜாக்சன் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் பாடல்களைப் பற்றியும், ஆன் ஷீரன் பைலாவும் சிங்கள இசைத் தேசியமும் முட்டிக்கொண்ட விதத்தைப் பற்றியும் எழுதியவை இந்த வரலாற்றுக்கு அடித்தளம்.

இதன்படி தமிழ்ப் பொப் என்பது பைலாவின் கடைசிக் கிளை. வலுவான ஆதாரங்கள் உண்டு. ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து பாடப்பட்ட பாட்டு. நித்தி கனகரத்தினம் படித்த அம்பாறையோ கல்லோயாத் திட்டத்தோடு வளர்ந்த நகரம். தமிழ் மாணவனுக்குச் சிங்களக் கோஷ்டிப் பாட்டு அங்கே பக்கத்து அறையிலேயே கேட்டிருக்கும். உரும்பிராயில் இருந்தபடி அந்தப் பாட்டு பிறந்திருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

பலவீனம் தாளத்தில்தான் இருக்கிறது. பைலாவின் அடையாளமாகச் சொல்லப்படுவது ஆறு எட்டு எண்ணிக்கை. மும்மூன்றாகப் புரளும் அந்த நடைக்குத் தமிழில் திஸ்ரம் என்று பெயர். கும்மி அடிப்பவர்களின் கை அதில்தான் விழுகிறது. காவடிச்சிந்தும் பெரும்பாலும் அந்த நடைதான். ஆடிவேலிலோ தைப்பூசத்திலோ காவடிக்காரர்களுக்குத் தவில்காரர் வாசிக்கும்போது கால்கள் போர்த்துக்கேயரைக் கேட்டுத் துள்ளுவதில்லை. இரண்டு மரபிலும் ஒரே நடை இருக்கும்போது, ஒரு பாட்டில் அந்த நடை இருப்பதை மட்டும் வைத்து எந்த மரபின் பிள்ளை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கூட்டுக்குரல் மறுமொழி, கேலி எதிர்ப்பாட்டு ஆகியவற்றுக்கும் இதே சிக்கல் பொருந்தும். பைலாவில் வாதப் போட்டி உண்டென்றால் தமிழில் லாவணி உண்டு.

இசைத்தட்டும் வானொலியும்

இரண்டாவது பதில் மேலைநாடு. ஹாரி பெலஃபொண்டேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு 1956இல் வந்தது. அதன் அலையில் கொழும்பில் லொஸ் கபலேரோஸ், லா சிலோனியன்ஸ் போன்ற கோஷ்டிகள் தோன்றின. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தார். தமிழ் இளைஞர்கள் பைலாவைக் கேட்டதை விட இந்தக் கோஷ்டிகளையும் ஆங்கில வானொலியையும் கேட்டார்கள் என்பது இந்த வாதம்.

வாத்தியங்கள் ஏன் அவை, இசைக்குழு ஏன் அந்த அமைப்பில் என்பதை இது விளக்குகிறது. அதற்கு மேல் அதிகம் விளக்கவில்லை. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை. இந்திய இதழ்கள் தடைப்பட்ட அந்தச் சூழலில் உள்ளூர்ப் பதிப்புத்துறை மூச்சுவிட்டது. வீரகேசரிப் பிரசுரங்கள் அக்காலத்தவை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் அந்த வரிசையில் வந்து, 1978இல் படமானபோது மனோகரன் அதில் நடித்தார். உள்ளூர்ப் பாட்டுக்கும் அதே இடைவெளி உதவியது என்று சொல்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் நித்தி கனகரத்தினத்தின் முக்கிய பாட்டுகள் அதற்கு முந்தியவை என்பதால் இதைத் தோற்றத்துக்கான காரணமாகக் கொள்ள முடியாது. பரவலுக்கான காரணம் என்று சொல்லலாம்.

நம் மண்ணின் பாட்டு என்ற வாதம்

மூன்றாவது நிலைப்பாடு நாட்டார் மரபைச் சுட்டுகிறது. அறுபது, எழுபதுகளில் ஈழத்துத் தனித்துவம் பற்றிய பேச்சு இலக்கியத்திலும் நாடகத்திலும் மேலோங்கியிருந்த காலம். இசையில் அதன் மரியாதைக்குரிய வாரிசாக மெல்லிசையே கருதப்பட்டது, எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலி வழியாக அதை வளர்த்தனர். பொப் பாடலையும் அந்த வட்டத்துக்குள் சேர்க்க விரும்பியவர்கள் கும்மி, கூத்து, இசை நாடகம் ஆகியவற்றில் அதன் வேரைத் தேடினர்.

இந்த வாதத்தின் நோக்கம் நல்லது, சான்று மெலிந்தது. கூத்து அண்ணாவியாரிடமோ நாடகக் கொட்டகையிலோ பயின்று பின்னர் பொப் பாடகரானவர் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒருவர் இல்லை. தொடர்ச்சி என்பது ஆட்கள் வழியாக வர வேண்டும். மேலும் “நம் மரபு” என்று காட்டப்படுவதே கலப்பு. வைரமுத்து ஆயிரக்கணக்கான தடவை மேடையேற்றிய அரிச்சந்திரன் கதையான ‘மயான காண்டம்’ சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மரபில் வந்தது. அந்த மரபோ பார்சி மெட்டையும் இந்துஸ்தானி மெட்டையும் ஹார்மோனியத்தையும் தமிழாக்கி உண்டு செரித்தது. காங்கேசன்துறை மேடையில் அரிச்சந்திரன் அழுத அழுகையில் பம்பாயின் சாயல் இருந்ததை யாரும் குறையாகச் சொன்னதில்லை. எழுபது ஆண்டு மூத்த இரவல் மரபாகிவிட்டது, புதிய இரவல் மட்டும் இரவலாகவே நின்றது என்பதுதான் இங்கே வெளிப்படும் உண்மை.

இசை தாழ்ந்துவிட்டதா?

நான்காவது நிலைப்பாடு மூலத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தொடங்கித் தரத்தில் போய் முடியும். கர்நாடக இசை வட்டமும் மெல்லிசை ஆதரவாளர்களும் முற்போக்கு விமர்சகர்களில் ஒரு பகுதியினரும் வெவ்வேறு காரணங்களுக்காக இங்கே ஒன்றுசேர்ந்தனர். ஆட்டம் கிளப்பும் பாட்டு மலிவானது, கேலி கலையாகாது, பைலா குடித்துவிட்டுப் பாடுவது என்றனர்.

இந்த அருவருப்புக்குப் பழைய வரலாறு உண்டு. கோயில் திருவிழாக்களில் சின்னமேளம் எனப்பட்ட தாசியர் குழுக்கள் ஆடியதை ஆறுமுக நாவலர் கண்டித்தார்; அவருக்குப் பின்னும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சின்னமேளம் முற்றாக ஒழியவில்லை, கண்டனமும் ஓயவில்லை. உடலை அசைக்கும் இசைக்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கலாம், நாமே ஆடக்கூடாது என்ற விதி யாழ்ப்பாணத்துச் சாதி ஒழுங்கின் ஒரு பகுதி. நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் பெரிய மேளக்காரரின் விரலை ஊரே வியந்தது. ஆனால் அவரோடு எந்தத் திண்ணையில் அமர்வது என்பதில் கணக்குப் பார்த்தது. ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் ‘கோடை’ பா நாடகம் இப்படியொரு மேளக்காரக் குடும்பத்தை நடுவில் வைத்ததைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. அவர் அளவெட்டிக்காரர், மகாஜனாவில் படித்தவர்.

உலகத்தின் வேறொரு மூலையோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அமெரிக்கக் கறுப்பினத்தாரிடையே தேவாலயப் பாட்டிலிருந்து சோல் இசையும், சோலிலிருந்து ஃபங்க்கும் பிறந்தன. ஜேம்ஸ் பிரவுண் சோல் பாடகராகப் பெயரெடுத்த பிறகே 1967இல் ‘கோல்ட் ஸ்வெட்’ என்ற ஃபங்க் பாட்டைப் பாடினார். மெட்டைச் சுருக்கி, சுரச் சேர்க்கையைக் குறைத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் மேளமாக்கி, முதல் அடியில் எல்லாரையும் ஒன்றாக விழவைத்த பாட்டு அது. அவருக்குப் பின் மூத்த சோல் பாடகர் எவரும் ஃபங்க் இசைத்தட்டு வெளியிட்டால், குரல் இளைத்ததால் தாளத்தில் ஒளிகிறார் என்று ஒரு விமர்சகரும், வேருக்குத் திரும்புகிறார் என்று இன்னொருவரும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு விமர்சனத்துக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: இரண்டு இசையும் ஒரே பாடகருக்குள் இருக்க முடியும்.

யாழ்ப்பாணத்தில் அந்த அனுமானமே எழவில்லை. வைரமுத்துவோ, மேடைக் கச்சேரிப் பாடகரோ, நாதஸ்வர வித்துவானோ துள்ளிசைத் தட்டு ஒன்று வெளியிட்டிருக்கலாம். தாள அறிவில் அவர்களுக்குக் குறைவில்லை. தட்சிணாமூர்த்தி பிறந்ததும் ஜேம்ஸ் பிரவுண் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1933. இதில் எந்தப் பொருளும் இல்லை என்றாலும், தாளத்தை முன்னால் நிறுத்திய இரு மேதைகள் என்ற அளவில் நினைத்துப் பார்க்கலாம். பிரவுணின் தாளம் நடன மண்டபத்துக்குப் போனது, தட்சிணாமூர்த்தியின் தாளம் தேர் வீதியிலும் கச்சேரி மேடையிலும் நின்றது. யாழ்ப்பாணத்தில் ஆட்டத் தாளம் மூத்த கலைஞர்கள் வழியாக இறங்கிவராமல், இசைப் பயிற்சி குறைந்த கல்லூரி மாணவர்கள் வழியாக வந்ததற்கு இசைக் காரணத்தை விடச் சமூகக் காரணமே பெரிதெனத் தோன்றுகிறது. துள்ளிசைக்கு “வேரில்லை” என்ற குற்றச்சாட்டு பாதி உண்மையானதும் இதனால்தான். வேர் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை.

தாளத்தை விட்டுச் சொல்லுக்கு

நான்கு நிலைப்பாடுகளும் மெட்டையும் தாளத்தையும் துருவியவை. பாட்டில் என்ன சொல்லப்பட்டது என்பதை எவரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேதான் தெல்லிப்பழை முக்கியமாகிறது.

பாவலர் துரையப்பாபிள்ளை அமெரிக்க மிஷன் கல்வியில் உருவாகிச் சைவத்துக்குத் திரும்பியவர். அவருடைய ‘இதோபதேச கீதரச மஞ்சரி’ 1901இலும் ‘யாழ்ப்பாண சுவதேசக் கும்மி’ 1907இலும் வெளிவந்தன. சமூகக் குறைகளைப் பாட்டில் வைத்து, மக்கள் ஏற்கெனவே பாடத் தெரிந்த வடிவத்திலேயே அவர்களைக் கண்டித்தவர் அவர். மிஷன் நடத்திய மதுவிலக்குப் பிரசாரமும் சைவ மறுமலர்ச்சியின் ஒழுக்கப் பேச்சும் அவரிடத்தில் கலந்தன. கும்மி தூயது, மிஷன் பாட்டு அந்நியமானது என்று அவர் பிரித்ததாகத் தெரியவில்லை.

அறுபது ஆண்டு கழித்து ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ வந்தது. குடிக்கப் போகிறவனை மறிக்கும் பாட்டுக்கு ஊரே ஆடியது. குடியையும் கும்மாளத்தையும் பாடுவதாகப் பைலாவின் மேல் சுமத்தப்பட்ட பழிக்கு நேர் எதிரான பொருள் இது. ‘சின்ன மாமியே’யில் வரும் கேலியும் உறவுமுறைக்குள் நடக்கும் கேலி. மகளைக் கண்காணிக்கும் தாய், மச்சாள் முறையை உரிமையாக எடுத்துக்கொள்ளும் வாலிபன், பள்ளிக்கூடம் போகும் பெண்ணைப் பற்றிய ஊர்க் கவலை: இவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது. நித்தி கனகரத்தினம் பாவலரைப் படித்தார் என்று நிறுவ நான் முயலவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. புத்தி சொல்லிக்கொண்டே சிரிக்கவைப்பது, பாடத் தெரிந்த எவரும் சேர்ந்துகொள்ளும்படி வைப்பது என்ற பழக்கம் பாவலருக்கு முன்னும் இருந்தது, பின்னும் ஓடியது என்பதே வாதம். மெட்டு எங்கிருந்து வந்தாலும் பாட்டின் குணம் இந்தக் குடாநாட்டுடையது.

இதற்கு இலக்கியத்தில் இணையான நிகழ்வு ஒன்று உண்டு. மஹாகவி 1966இல் ‘குறும்பா’ வெளியிட்டார். ஆங்கில லிமரிக்கின் ஐந்து வரிக் கேலி வடிவத்தை அவர் தமிழ் யாப்புக்குள் அமர்த்தினார். பொப் பாட்டு தோன்றிய அதே ஆண்டுகள், அதே கேலி, அதே இரவல். விமர்சகர்கள் குறும்பாவைத் தமிழுக்குக் கிடைத்த புதிய வடிவம் என்று வரவேற்றனர். துள்ளிசையை இறக்குமதிச் சரக்கு என்றனர். வேறுபாடு வடிவத்தில் இல்லை. ஒன்றைப் படித்துச் சிரித்தார்கள், மற்றதைக் கேட்டு ஆடினார்கள்.

என் வாதத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. சொல்லை மட்டும் பார்த்தால் எந்த மெட்டிலும் எழுதப்பட்ட எந்தக் கேலிப் பாட்டும் ஒரே மரபில் அடங்கிவிடும்; பகுப்பாய்வு தளர்ந்துபோகும். ‘சுராங்கனி’ போன்ற பாட்டு இந்தச் சட்டகத்துக்குள் எளிதில் வராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் மகிழ்ச்சி புத்தி சொல்வதில் இல்லை.

எஞ்சியவையும் தப்பியவையும்

அமெரிக்காவில் இதே வகை விவாதம் நெடுநாள் நடந்தது. கறுப்பின இசையில் ஆபிரிக்கா தங்கியிருக்கிறது என்று மெல்வில் ஹெர்ஸ்கோவிட்ஸ் 1941இல் எழுதினார். அடிமை வாழ்வு அதையெல்லாம் துடைத்துவிட்டது, இருப்பது அமெரிக்காவில் உருவானதே என்றார் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர். மாறிக்கொண்டே மாறாமல் இருக்கும் ஒன்று என்று பின்னர் அமீரி பராக்கா இரண்டுக்கும் நடுவே வழி கண்டார். அந்த விவாதம் முன்னேறியதற்கு ஒரு காரணம், அவர்களிடம் ஒலிப்பதிவுகள் குவிந்திருந்தன.

நம்மிடம் அந்த வசதி குறைவு. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சிதறினர். நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறார். 1990இல் போரால் தெல்லிப்பழை உட்பட வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்து, பல கிராமங்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. வீடுகளோடு இசைத்தட்டுகளும் கசெற்றுகளும் போயின. மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்டார்கள். ஆனால் குடாநாட்டில் ஒலித்தவற்றில் போராளி இயக்கப் பாடல்கள் முன்னுக்கு வந்திருந்தன, கேலிக்கு இடம் சுருங்கியிருந்தது. அச்சு நூல்களைப் பொறுத்தவரை ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் பெரும் மீட்பைச் செய்திருக்கிறது. ஒலிக்கு அதே அளவு வேலை இன்னும் நடக்க வேண்டும். மூல இசைத்தட்டுகளின் ஆண்டு வரிசை நிலைபெறாமல் யார் யாரிடமிருந்து எடுத்தார் என்ற பேச்சு ஊகமாகவே தொடரும்.

புலம்பெயர்ந்தோரிடம் கதை வேறு திருப்பம் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில், 2005இன் ‘அருளர்’ தொகுப்பில் பிரேசிலின் ஃபவேலா ஃபங்க்கை எடுத்தாண்டார். 2007இன் ‘காலா’வில் சென்னை உறுமிக்காரர்களைப் பதிவுசெய்தார். மூலம் எது என்ற கேள்வியை அவர் கூச்சமின்றிக் கலைத்துவிட்டார். அவரைத் துள்ளிசையின் வாரிசு என்பதா, முற்றிலும் வேறு உலகத்தவர் என்பதா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. தொடர்ச்சியை நிறுவும் சான்று எதுவும் இதுவரை முன்வைக்கப்படவில்லை என்பதால் இரண்டாவதே பாதுகாப்பான முடிவு.

திறந்திருப்பவை

இன்றைய நிலையில் சிலவற்றைத் தயக்கத்தோடு சொல்லலாம். இசைக்குழுவின் அமைப்பு கொழும்புக் கோஷ்டிகளிடமிருந்து வந்தது என்பதற்கு வலுவான அடிப்படை உண்டு. தாளம் பைலாவா கும்மியா என்பதை நடையை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அழுத்தம் விழும் இடம், கூட்டுக்குரல் நுழையும் இடம் ஆகியவற்றைப் பதிவுகளிலிருந்து சுரப்படுத்தி ஒப்பிட்டால் ஓரளவு தெளியும். பாட்டின் பொருளும் தொனியும் குடாநாட்டின் சீர்திருத்தக் கேலி மரபோடு உறவுடையவை என்பது ஏற்கத்தக்கதாகத் தோன்றினாலும், அதற்கு இன்னும் நிறையப் பாட்டுகளைச் சோதிக்க வேண்டும்.

சாதியும் வகுப்பும் இந்த இசையின் ஏற்பையும் மறுப்பையும் எப்படித் தீர்மானித்தன என்பது பெரும்பாலும் எழுதப்படாத பகுதி. அதோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கும்மி பெண்களின் பாட்டு. துள்ளிசைக்குக் கும்மியே வேர் என்று வாதிடுபவர்கள், அதன் முதல் தலைமுறையில் பெண் குரல்கள் ஏன் இத்தனை குறைவு என்பதை விளக்கியாக வேண்டும். இதுவரை விளக்கவில்லை.